தொப்புள் பக்கத்துப் புள்ளியில் ஊசி போட்டால் மலச்சிக்கல் தீருமா?

கேள்வி: எனக்கு 56 வயது. மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆகிறது. நாலைந்து மாதமாக மலம் சரியாகப் போவதில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை, அதுவும் முக்கி முக்கித்தான். இதற்கு முன்பு இந்தத் தொந்தரவு இருந்ததே கிடையாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு ஹீமோகுளோபின் 9.4 என்று வந்ததால் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். அக்குபங்சர் செய்கிற ஒருவர், தொப்புளுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் எஸ்டி 25 என்ற புள்ளியில் ஊசி போட்டால் பெருங்குடல் தானாக வேலை செய்யும், மற்ற மாத்திரைகளை எல்லாம் நிறுத்திவிடுங்கள் என்கிறார். என் நாத்தனாரோ அந்த இடத்தை விரலால் அழுத்தினாலே போதும் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: புள்ளிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த 9.4-ஐப் பற்றிப் பேசிவிடலாம். மாதவிடாய் நின்று ஆறு வருடமான ஒருவருக்கு ரத்தம் குறைந்திருக்கிறது என்றால், மாத்திரை கொடுத்து ஏற்றுவதோடு வேலை முடியாது. ஏன் குறைந்தது என்று தேட வேண்டும். வயிற்றுக்குள் எங்காவது கண்ணுக்குத் தெரியாமல் கசிகிறதா? மூலமாக இருக்கலாம், அல்சராக இருக்கலாம், மூட்டு வலிக்கு அடிக்கடி போட்ட வலி மாத்திரையின் விளைவாக இருக்கலாம். பெருங்குடலில் ஒரு கட்டியாகவும் இருக்கலாம். 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த மலச்சிக்கலும் ரத்தசோகையும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால், பெருங்குடலை உள்ளே பார்க்காமல் நான் விடமாட்டேன்.

இரும்பு மாத்திரை மலத்தைக் கட்டும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் தொந்தரவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் பழியை அதன் மேல் முழுக்கப் போட முடியாது. இன்னொன்று: அந்த மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகத்தான் போகும். அதனால் ரத்தம் கலந்து கறுத்துப் போனாலும் மாத்திரையால்தான் என்று விட்டுவிடத் தோன்றும். தார் போல ஒட்டிக்கொண்டு, கடுமையான நாற்றத்தோடு போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கானது) என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்டு. தைராய்டு மந்தமானால் குடலும் மந்தமாகும். இரும்புச்சத்துக் குறைவுதான் என்று ஃபெரிட்டின் உறுதிப்படுத்தினால், கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் பரிசோதனைகள், அதாவது இரைப்பைக்கு எண்டோஸ்கோப்பி, பெருங்குடலுக்கு கொலோனோஸ்கோப்பி, இரண்டும் தேவை. ஃபெரிட்டின் சரியாக இருந்தாலும் கொலோனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி அந்தப் புள்ளி. சீனத்தில் அதன் பெயர் தியான்ஷு. உடம்பில் சக்தி ஓடும் பாதைகள் என்று அக்குபங்சர் மரபு சொல்பவற்றில் ஒன்று இரைப்பை நாளம் (ஸ்டமக், சுருக்கமாக எஸ்டி). அதில் இருக்கும் 45 புள்ளிகளில் இது 25-வது, அதனால்தான் எஸ்டி 25. பெயர் இரைப்பைக்கு, வேலை பெருங்குடலுக்கு. பெருங்குடலின் 'அலாரம் பாயிண்ட்', அதாவது அந்த உறுப்பின் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் புள்ளி, என்று அக்குபங்சர்காரர்கள் சொல்வது இதைத்தான். மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, உப்புசம், தொப்புளைச் சுற்றிய வலி, மாதவிடாய் வலி என்று பலவற்றுக்கும் அங்கே ஊசி போடுவது அவர்கள் மரபு. இடம் கண்டுபிடிப்பது சுலபம். உங்களுடைய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, தொப்புளின் நடுவிலிருந்து பக்கவாட்டில் வையுங்கள். அந்த மூன்று விரல் அகலம் முடிகிற இடம்தான். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், மலச்சிக்கலுக்கு ஓரளவு இருக்கிறது. 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சீனாவில் 15 மருத்துவமனைகளில் நடந்தது. கடுமையான, நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 1,075 பேர். பாதிப் பேருக்குத் தியான்ஷுவிலும் வேறு இரண்டு புள்ளிகளிலும் ஊசி போட்டு மெல்லிய மின்சாரம் செலுத்தினார்கள். 8 வாரத்தில் 28 முறை. மீதிப் பேருக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாக, பெயருக்கு ஊசி. மருந்தின் உதவியில்லாமல், முழுசாகப் போன திருப்தியோடு வாரம் மூன்று முறையாவது மலம் கழித்தவர்கள் முதல் கூட்டத்தில் 31.3 சதவீதம், இரண்டாவதில் 12.1 சதவீதம். சிகிச்சையை நிறுத்திய பிறகும் 12 வாரம் வரை அந்த வித்தியாசம் நீடித்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம் அதுதான். பேதி மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே பழைய கதை.

ஆனால் கணக்கை மறுபக்கமும் பாருங்கள். ஊசி போட்டவர்களிலேயே நூற்றில் ஏறக்குறைய அறுபத்தொன்பது பேர் அந்த அளவை எட்டவில்லை. மூன்று புள்ளிகளைச் சேர்த்துச் செய்ததால் தியான்ஷுவுக்கு மட்டும் பெருமை கொடுக்கவும் முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வேறு நோயால் மலச்சிக்கல் வந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. உங்களுக்கு வேறு நோய் இல்லை என்று பார்க்கும் அந்தச் சோதனை இன்னும் நடக்கவில்லை.

எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நரம்பு வழியாக விளக்கம் தேடுகிறார்கள். எலிகளில் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வந்தது. தியான்ஷுவில் வலுவான மின்தூண்டல் தந்தால் தண்டுவடம் வழியாகப் பரிவு நரம்புகள் தூண்டப்படுகின்றன. கிருமி நச்சைச் செலுத்துவதற்கு முன் தூண்டினால் எலிகள் அதிகம் பிழைத்தன. அழற்சி உச்சத்தில் இருக்கும்போது தூண்டினால் அதிகம் செத்தன. எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. 'நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது' என்று இதைப் பற்றிச் சொல்கிறவர்களுக்காக எழுதினேன்.

வயிற்றில் ஊசி என்பதால் ஆழமும் கவனிக்க வேண்டிய சங்கதி. ஒல்லியான உடம்பில் கைப்பழக்கம் இல்லாதவர் ஆழமாக இறக்கினால் குடல் வரை போகலாம். கர்ப்பிணிகளுக்கு அங்கே வேண்டாம். குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, புண் ஆறுவது தாமதமாகும். உறையைக் கண் முன்னால் பிரித்து, ஒருமுறை போட்டு எறிகிற ஊசிதானா என்று பாருங்கள்.

நாத்தனார் சொன்ன அழுத்தம் வேறு சமாசாரம். விரலால் அழுத்துவதும் மின்சார ஊசியும் ஒன்றல்ல, அந்த ஆய்வின் பலனை இதற்குக் கடன் வாங்க முடியாது. பரிசோதனைகள் முடிந்து, உள்ளே கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு, வெறும் வயிற்றில் முழங்காலை மடக்கிப் படுத்து இதமாக அழுத்திப் பார்ப்பதில் தவறில்லை. என்னைக் கேட்டால், காலை காபிக்குப் பிறகு பத்து நிமிடம் அவசரமில்லாமல் கழிப்பறைக்கு ஒதுக்குவது அதைவிட உதவும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரைகளை நிறுத்தச் சொன்னாரே, அதை மட்டும் கேட்காதீர்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தியான்ஷுவில் ஊசி போடுவது மாற்று ஆகாது. அம்லோடிபின் சிலருக்கு மலத்தைக் கட்டும். அப்படி இருந்தால் வேறு மாத்திரை மாற்றித் தர உங்கள் மருத்துவரால் முடியும். கொலோனோஸ்கோப்பி சுத்தமாக வந்து, இசப்கோலும் மலத்தை இளக்கும் லாக்டுலோஸும் முறையாக எடுத்தும் சரியாகவில்லை என்றால், முறையாகப் படித்தவரிடம் எட்டு வாரம் அக்குபங்சர் செய்து பாருங்கள். அந்தக் கட்டத்தில் நானே போகச் சொல்வேன். அதற்குள் வயிறு உப்பி, வாயுவும் பிரியாமல், வாந்தியும் வந்தால் எந்தப் புள்ளியையும் தேடாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.