தார், ஜிம்னி போன்ற ஆஃப்ரோடு வண்டிகளில் பாடி இடுக்குகளில் சருகும் மண்ணும் சேராமல் எப்படித் தடுப்பது?

எல்லா இடுக்கையும் அடைக்கக் கூடாது. பீடிங் (இடுக்கை மூடும் ரப்பர் பட்டை) வாங்கக் கிளம்பும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பாடியில் தெரிகிற பல இடைவெளிகள் தண்ணீர் வடிவதற்காகவே விடப்பட்டவை. முன் கண்ணாடியில் வழியும் மழை, கதவுக் கண்ணாடியோடு இறங்கும் நீர், சக்கரம் வாரி அடிக்கும் சேறு எல்லாம் கீழே ஏதோ ஓர் இடுக்கு வழியாகத்தான் தரைக்குப் போகின்றன. மேல்வாயில் குப்பை நுழையாமல் தடுக்க வேண்டும், கீழ்வாயைத் திறந்தே வைக்க வேண்டும். கீழ்வாயை அடைத்தால் உள்ளே போன மண் ஈரத்தோடு தங்கி, தகட்டை உள்பக்கத்திலிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளிப்பதைப் பார்க்கும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

அதிகக் குப்பை சேரும் இடம் கவுல், அதாவது முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே வைப்பர் உட்கார்ந்திருக்கும் பள்ளம். அங்கே சருகு சேருவது காட்டுப்பாதையில் என்பதைவிட மரத்தடியில் நிறுத்தி வைப்பதால்தான். வேப்பம்பூ, புளிய இலை, சவுக்கு ஊசி போன்ற பொடிசுகள்தான் தொல்லை. பெரிய இலை மேலேயே நிற்கும், கையால் எடுத்துவிடலாம். பொடிசு கவுல் மூடியின் துளை வழியாக இறங்கி, வடிகாலில் மண்ணோடு சேர்ந்து களிபோல் அடைத்துக்கொள்ளும். ஏசி ப்ளோயர் வெளிக்காற்றை இழுப்பதும் இதே பள்ளத்திலிருந்துதான். வடிகால் அடைத்தால் தண்ணீர் மட்டம் உயர்ந்து அந்தக் காற்று வழியில் ஏறும். மழை பெய்த மறுநாள் முன் இருக்கையின் கால்மிதிக்குக் கீழே கார்பெட் ஈரமாக இருந்தால் கதவு பீடிங்கைக் குறை சொல்லும் முன் கவுலைத் திறந்து பாருங்கள்.

திறக்கும் முறை: வைப்பர் பிளேடு நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது கோணம் தவறி பிளேடு ஓரத்தில் இடிக்கும். வைப்பர் ஆர்மின் நட்டைக் கழற்றி, பிளாஸ்டிக் மூடியின் புஷ் கிளிப்புகளை ட்ரிம் டூலால் எடுங்கள். வெயிலில் காய்ந்த கிளிப் உடையும், நாலைந்து உபரி வைத்திருப்பது நல்லது. உள்ளே இருப்பதைக் கையாலும் வேக்குவத்தாலும் அள்ளுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்தால் பாதிக் குப்பை ப்ளோயருக்குள் போய்விடும். கடைசியில் இரு பக்கமும் தலா 1 லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். அது தேங்காமல் முன்சக்கரத்துக்குப் பின்பக்கமாக ஓடி இறங்க வேண்டும். தேங்கினால் புல்வெட்டியில் போடும் நைலான் கயிற்றை உள்ளே விட்டுத் துழாவுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். அது பெயின்டைக் கீறும், வடிகால் முனையில் ரப்பர் மூக்கு இருந்தால் கிழித்துவிடும்.

மூடியைத் திரும்ப மாட்டும் முன், அடிப்பக்கத்தில் துளைகளை மூடும்படி எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வலை போடலாம். கண் அளவு 3 மி.மீ. போதும். கொசுவலை போடச் சொல்பவர்கள் உண்டு. புதிதாக இருக்கையில் அதிலும் காற்று நன்றாகவே போகும், ஆனால் ஒருமுறை சேற்றுநீர் பட்டுக் காய்ந்தால் கண்கள் மூடிவிடும். பிறகு காற்றும் போகாது, மழைநீரும் இறங்காது. வலையைத் துளைப் பரப்பைவிட எல்லாப் பக்கமும் 10 மி.மீ. கூடுதலாக வெட்டி, ஓரத்தை மடித்து, பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட்டை ஆங்காங்கே பொட்டு வைத்து ஒட்டுங்கள். மடிக்காத கம்பி நுனி வைப்பர் மோட்டார் வயரை உரசி உறையைத் தின்றுவிடும். எலி ஏறும் ஊர் என்றால் ப்ளோயரின் காற்று வாய்க்கும் தனியாக ஒரு வலை போடுங்கள்.

அடுத்தது பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்தின் மேலுள்ள பாடித் தகடு) நடுவே ஓடும் நீள இடுக்கு. இதற்குத்தான் பலரும் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பீடிங்கை வாங்கி ஒட்டுகிறார்கள், பத்து நாளில் அது உரிந்து தொங்குகிறது. காரணம் அளவு. வெளியிலிருந்து தெரியும் இடைவெளி வேறு, பானெட்டின் அடிப்பக்கத்துக்கும் ஃபெண்டர் மடிப்புக்கும் உள்ள இடைவெளி வேறு. பின்னதுதான் நமக்கு வேண்டும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக்கி, மேலே ஒரு துண்டு பாலிதீன் வைத்து, மடிப்பின் மேல் 15 செ.மீ.க்கு ஒன்றாக வையுங்கள். பானெட்டை முழுதாகப் பூட்டித் திறந்து, நசுங்கிய உருண்டைகளின் தடிமனை அளந்தால் ஒவ்வோர் இடத்தின் உண்மையான இடைவெளி கிடைக்கும். ஒரே வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் இருக்கும். குமிழ் வடிவப் பீடிங் மூடும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நசுங்க வேண்டும். 8 மி.மீ. இடைவெளிக்கு 12 மி.மீ. குமிழ் சரி. அதைவிடப் பெரிதாகப் போட்டால் பானெட் இரண்டாவது பூட்டில் விழாமல் முதல் கொக்கியிலேயே நிற்கும். ஓடும்போது திறந்துகொள்ள அதுவே வழி.

பொருளில் ஈபிடிஎம் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். வெயிலையும் எஞ்சின் சூட்டையும் தாங்கும். ஸ்பாஞ்ச் என்று விற்கும் திறந்த கண் ஃபோம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், பாடியில் எங்கேயும் அதற்கு இடமில்லை. ஒட்டும் பரப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து மெழுகுப் பாலிஷ் முழுதும் போக்கிய பிறகே பீடிங்கை ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் டேப் பிடிக்கும். ஒட்டி அழுத்திய பின் முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை வாட்டர் சர்வீஸுக்கு விடாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் காலை வேளையில் ஒட்டினால் நிற்காது. வெயில் ஏறட்டும். பீடிங்கை வளைவுகளில் இழுத்து ஒட்டினால் பின்னால் சுருங்கி முனை விடும், தளர்வாகவே வையுங்கள்.

பீடிங் உரசும் இடத்தில் பெயின்ட் மேல் ஒரு பட்டை பிபிஎஃப் (பெயின்டைக் காக்கும் பிளாஸ்டிக்) ஃபிலிம் ஒட்டுவது அவசியம். எந்தப் பீடிங்கும் நுண்தூசியை முழுதாக நிறுத்தாது. இடையில் புகுந்த மணல், பானெட் அதிரும்போதெல்லாம் உப்புத்தாள் போலத் தேய்க்கும். வெளிப்பக்கம் கிளாம்ப் உள்ள தாரில் அந்தக் கிளாம்பின் ரப்பர் படும் இடத்திலும் இதே கதைதான்.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள்: பானெட்டின் பின்விளிம்பில், கவுலுக்கு முன்னே கம்பெனியே போட்ட ரப்பர். எஞ்சின் சூடு வெளியேறட்டும் என்று வாஷர் வைத்துப் பின்விளிம்பைத் தூக்குபவர்கள் அந்த ரப்பரின் பயனையே போக்கிவிடுகிறார்கள். சருகும் உள்ளே விழும், எஞ்சின் அறையின் புகையும் ப்ளோயர் வழியாகக் கேபினுக்கு வரும்.

துருவின் பார்வையில் மோசமான இடம் வேறு. முன்சக்கரத்துக்குப் பின்னால், ஃபெண்டருக்குள், கதவுக்குச் சற்று முன்னே ஒரு பை போன்ற வெற்றிடம் உண்டு. சக்கரக் குழியின் உள்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் லைனரின் ஓரம் வழியாகச் சேறு அங்கே ஏறி, கீழே சில் பேனலின் (கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டி) மேல் படியும். வெளியிலிருந்து எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் அது போகாது. கரிசல் மண் என்றால் ஈரத்தை விடவே விடாது. லைனரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் கை போகும், சக்கரத்தையே எடுத்துவிட்டால் இன்னும் வசதி. மண்ணைக் காய்ந்த நிலையிலேயே முதலில் மரக்கரண்டியால் சுரண்டி எடுங்கள், பிறகு குறைந்த அழுத்தத்தில் நிறையத் தண்ணீர் விடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் மடிப்புகளில் துருவைத் தடுக்கும் கேவிட்டி வாக்ஸ் அடியுங்கள். லைனரைத் திரும்ப மாட்டும்போது மேல் ஓரத்திலும் பக்க ஓரத்திலும் மூடிய கண் ஃபோம் பட்டை ஒட்டலாம். கீழ் ஓரத்தில் 25 மி.மீ. அளவுக்கு அப்படியே விட்டுவிடுங்கள், மீறி ஏறிய மண் விழ வேண்டுமே. டயரை அகலப்படுத்தியவர்களுக்கு எந்தப் பட்டையும் போதாது. ஃபெண்டர் விளிம்பைத் தாண்டிய டயர் சேற்றை நேராகக் கதவு இடுக்கில் எறியும். அதற்கு ஃபெண்டர் விளிம்பில் மாட்டும் அகலமான ஃபிளேரும் 3 மி.மீ. ரப்பர் ஷீட் மட்ஃபிளாப்பும்தான் மருந்து.

கதவுகளின் கீழ் மடிப்பில் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். விரலுக்குத் தட்டுப்படும், பல்குச்சியால் திறக்கலாம். கதவை ஆட்டும்போது உள்ளே தண்ணீர் சலசலத்தால் அவை அடைத்திருக்கின்றன என்று பொருள். கீல் பக்க இடுக்கைக் காட்டிலிருந்து கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். சீமைக் கருவேல நெற்றோ கல்லோ சிக்கியிருக்கும்போது கதவை வீசித் திறந்தால், அது நெம்புகோலாகி ஃபெண்டர் விளிம்பை மடக்கிவிடும். டிங்கரிங் செலவு அந்தக் கல்லால் வரும்.

வாட்டர் சர்வீஸ் கடைகளில் கழுவி முடித்ததும் அடிப்பாகத்தில் டீசலோ பழைய ஆயிலோ அடிப்பார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறி உப்பும், எண்ணெய்ப் பசையில் தூசி இன்னும் நன்றாக ஒட்டும். பீடிங்குக்கு சிலிக்கான் ஸ்ப்ரே போதும். பிரஷர் கன்னை இடுக்கை நோக்கி நேராகப் பிடித்தால் மணல் உள்ளேதான் போகும். உள்ளிருந்து வெளியே தள்ளும் கோணத்தில், 30 செ.மீ. தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

சில் பேனலுக்குள் பி.யூ. ஃபோம் ஊதி நிரப்பும் வேலையையும் சிலர் செய்து கொடுக்கிறார்கள். சத்தம் குறையும், மண் போகாது என்பார்கள். ஃபோமுக்கும் தகட்டுக்கும் இடையே ஈரம் புகுந்தால் வெளியேற வழியே இல்லை. அதேபோல் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை வெறும் இரும்பில் பூசாதீர்கள். அந்த அமிலமே துருவைத் தொடங்கி வைக்கும். நியூட்ரல் சிலிக்கான் அல்லது பி.யூ. சீம் சீலர் கேளுங்கள்.

பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள வெளியில் எதையும் திணிக்க வேண்டாம். தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி எல்லாமே தனிச் சேஸிஸ் மேல் ரப்பர் மவுன்ட்டில் பாடி உட்கார்ந்திருப்பவை. மேடுபள்ளத்தில் சேஸிஸ் முறுக்கும்போது அந்த இடைவெளி கூடிக் குறையும், திணித்தது பெயின்டைத் தேய்க்கும். அங்கே கவனிக்க வேண்டியது காய்ந்த புல். இடுப்பளவு புல்லுக்குள் ஓட்டினால் அது வண்டியின் அடியைக் காக்கும் ஸ்கிட் பிளேட்டுக்கு மேலும் சைலன்சர் குழாயைச் சுற்றியும் சுருண்டு நிற்கும். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசல் வண்டியில் கரியை எரிக்கும் நேரத்தில் ஃபில்டருக்குள் வெப்பம் 600 டிகிரியைத் தொடும். ஆஸ்திரேலியாவில் ஸ்பினிஃபெக்ஸ் புல் இப்படிச் சேர்ந்து வண்டிகள் எரிந்துபோவது தெரிந்த ஆபத்து. கோடையில் புல்வெளியைக் கடந்ததும் வண்டியை வெறுந்தரையில் நிறுத்தி, கீழே குனிந்து பாருங்கள். முனை வளைத்த 6 மி.மீ. கம்பி ஒன்று, தடித்த தோல் கையுறை, கைக்கெட்டும் இடத்தில் 1 கிலோ தீயணைப்பான் இருந்தால் போதும். குழாய் சூடாக இருக்கும்போது தண்ணீரை ஊற்றாமல் புல்லைக் கொக்கியால் இழுத்தே எடுங்கள். சூட்டில் தண்ணீர் பட்டால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் இருக்கும் பீங்கான் விரிசல் விடலாம்.