ஆங்கிலத்தில் மைசெல்ஃப், ஹிம்செல்ஃப் எல்லாம் எப்போது வரும்?

ஒரு செயலைச் செய்பவரும் அந்தச் செயலுக்கு ஆளாகிறவரும் ஒருவரே என்றால், இரண்டாவது இடத்தில் மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் போன்ற தற்சுட்டுச் சொல் வரும்.

இது ஏன் தேவை? 'மெய்யப்பன் கட் ஹிம்' என்றால் மெய்யப்பன் வேறு யாரையோ வெட்டிவிட்டான் என்றுதான் ஆங்கிலத்தில் பொருள். காய் நறுக்கும்போது அவன் கையே வெட்டுப்பட்டிருந்தால் 'மெய்யப்பன் கட் ஹிம்செல்ஃப்' என்றே சொல்ல வேண்டும். ஆள் மாறிப்போகிறது பாருங்கள், அதனால்தான் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

செட்டிநாட்டு வீடுகளில் பெரிய பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருப்பார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் போகிறவர் தெரிவார். கண்ணாடியில் பார்த்தால் பார்ப்பவரே தெரிவார். ஹிம் என்பது ஜன்னல், ஹிம்செல்ஃப் கண்ணாடி.

அப்புறம், அழுத்திச் சொல்லவும் இது உதவும்: 'ஐ மேட் இட் மைசெல்ஃப்', அதாவது நானே செய்தேன். ஹிஸ்செல்ஃப், தேர்செல்வ்ஸ் என்று எழுதுவது பிழை.

காரைக்குடியில் நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் பலர் 'மைசெல்ஃப் வள்ளியம்மை' என்று தொடங்குவதுதான் மரியாதை என நினைக்கிறார்கள். அந்த வாக்கியத்தில் 'ஐ' இல்லாததால் மைசெல்ஃப் சுட்டுவதற்கு ஆளே இல்லை, 'ஐ ஆம் வள்ளியம்மை' என்பதே சரி.