வாசகர் கேள்வி பதில்: புட்டுக்குடத்து ஆவியும் காயாத துணியும்

கேள்வி: புட்டு அவிக்கும்போது வெள்ளையாக எழுவது நீராவிதானே? நீராவி கண்ணுக்குத் தெரியாது என்று பாடப்புத்தகம் சொல்கிறதே?
(மாணவர், தக்கலை)

பதில்: பாடப்புத்தகம் சொல்வதே சரி. குடத்துத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, குழலைப் பொருத்துவதற்கு முன், குடத்தின் குறுகிய வாயைச் சற்று எட்ட நின்று பாருங்கள். வாயை ஒட்டி ஒரு விரற்கடை உயரத்துக்கு ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். அதற்கு மேல்தான் வெண்மை தொடங்கும். ஒன்றுமில்லாதது போன்ற அந்த இடத்தில் இருப்பதுதான் நீராவி. வெள்ளையாகத் தெரிவது, வெளிக்காற்றில் குளிர்ந்து மீண்டும் நீராகிவிட்ட நுண்துளிகள்; மருந்துவாழ்மலை உச்சியில் தங்கும் மேகமும் இதே சரக்குதான். கையை மட்டும் நீட்ட வேண்டாம். ஒரு கிராம் ஆவி தோலில் பட்டு நீராகும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை இறக்கிவிடும்.

கேள்வி: ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் காற்றில் பத்தில் ஒன்பது பங்கு நீரா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: அப்படியிருந்தால் நாம் மீன்களாகத்தான் பிறந்திருக்க வேண்டும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் இடத்தில் அதிகபட்சம் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்க முடியும். அந்த உச்ச அளவில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதையே சதவீதம் சொல்கிறது. பத்தடி நீளம், அகலம், உயரம் கொண்ட அறையில் 90 சதவீதம் என்பது முக்கால் லிட்டர் தண்ணீருக்குச் சமம். உச்ச அளவு வெப்பத்தோடு ஏறி இறங்குவதால்தான் குழப்பம் வருகிறது. விடியற்காலையில் 24 டிகிரியில் 90 சதவீதமாக இருந்த காற்று, ஒரு சொட்டு நீராவியைக்கூட இழக்காமல், நண்பகலில் 32 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 56 சதவீதம் என்று காட்டும்.

கேள்வி: ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் வீட்டில் துவைத்த துணி இரண்டு நாளாகியும் காய்வதில்லை, ரப்பர் பாலை உறையவைத்து எடுத்த ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்கிறது. ஆரல்வாய்மொழியில் அக்காள் வீட்டிலோ அரை நாளில் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. ஒரே மாவட்டத்தில் ஏன் இப்படி?
(வாசகி, குலசேகரம்)

பதில்: தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் நீராவியைச் சுமந்துகொண்டு முதலில் உங்கள் பக்கத்து மலைச்சரிவில்தான் மோதுகிறது. மேலேறும் காற்று விரிந்து, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் குளிர்கிறது. உச்ச அளவை எட்டியதும் நீராவி துளிகளாகி மேகமும் மழையும் உண்டாகின்றன. அப்படித் துளியாகும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுவதால், அதற்குமேல் குளிரும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. நீரைப் பெருமளவு கொட்டிவிட்டு மறுபுறம் இறங்கும் காற்றோ மீண்டும் 10 டிகிரி வீதமே சூடாகிறது. ஆகவே கிழக்கே ஆரல்வாய்மொழிக்குப் போய்ச் சேரும்போது அது முன்னைவிட வெப்பமாகவும் வறட்சியாகவும் இருக்கிறது. போதாததற்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் அந்தக் காற்றை நெருக்கி விரைவுபடுத்துகிறது. முப்பந்தல் காற்றாலைகள் அங்கே நிற்பதன் காரணமும் அதுவே. துணியை ஒட்டிய ஈரக்காற்றை உடனுக்குடன் அடித்துச் செல்லக் காற்று வேண்டும், வருகிற காற்றும் வறண்டிருக்க வேண்டும். அக்காளுக்கு இரண்டும் வாய்த்திருக்கின்றன.

உங்கள் ஷீட்டுக்கு வழி, புகை போட்டு உலர்த்தும் அறைதான். 26 டிகிரியில் 90 சதவீதமாக உள்ள காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால், நீராவி அதேதான் என்றாலும் ஈரப்பதம் 25 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் ஷீட்டும் விறகும் விடும் ஈரம் அறைக்குள்ளேயே சேரும் என்பதால், கூரையை ஒட்டிய திறப்பை அடைத்து வைக்காதீர்கள். வெப்பம் வீணாகிறதே என்று அடைத்தால் பூஞ்சணம் திரும்பி வரும்.