லொரெட்டா லின் 13 வயதில்தான் கல்யாணம் செய்துகொண்டாரா? இதை எப்படிச் சரிபார்ப்பது?

இல்லை. திருமணத்தன்று அவருக்கு 15 வயது, 8 மாதம், 27 நாள். பிறந்தது 1932 ஏப்ரல் 14, மணம் முடித்தது 1948 ஜனவரி 10. கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான். ஆனால் அந்த 13 என்ற எண் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுக்கச் சுற்றியது. நானே ஒருமுறை அதை அச்சில் ஏற்றியிருக்கிறேன். அதனால் இது எப்படி வந்தது, எப்படி உடைந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெயர் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். லொரெட்டா லின், அமெரிக்கக் கிராமப்புறப் பாட்டு மரபில் வந்த கன்ட்ரி இசையின் பெரிய பெயர்களில் ஒருவர். கென்டக்கி மாநிலம், ஜான்சன் மாவட்டத்தில் புட்சர் ஹாலோ என்ற மலையிடுக்குக் குடியிருப்பில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்தவர். கணவர் வாங்கிக் கொடுத்த 17 டாலர் கிட்டாரில் தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டு, 1960இல் முதல் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். 1972இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் 'ஆண்டின் சிறந்த கலைஞர்' விருதைப் பெற்ற முதல் பெண் இவர்தான். 1975இல் கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பாடியதற்காகப் பல வானொலி நிலையங்கள் அந்தப் பாட்டையே ஒலிபரப்ப மறுத்தன. இந்த மனுஷியின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

2011இல் ஒரு சிறு பத்திரிகைக்காக அவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். 13 வயதில் கல்யாணம், 29 வயதில் பாட்டி என்று ஆரம்பித்திருந்தேன். எனக்கு அதில் துளி சந்தேகமும் வரவில்லை. ஏன் வரும்? 1976இல் வந்த அவருடைய தன்வரலாறு அப்படித்தான் போகிறது. அதை வைத்து 1980இல் எடுத்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்' (சுரங்கத் தொழிலாளியின் மகள்) படத்தின் விளம்பரத்திலேயே 13 வயதில் மணம், 20 வயதுக்குள் நான்கு பிள்ளைகள் என்று இருந்தது. அந்தப் படத்தில் லொரெட்டாவாக நடித்த சிஸ்ஸி ஸ்பேசெக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. கலைக்களஞ்சியங்கள், இசைத்தட்டு உறைகள், பேட்டிகள் எல்லாமே ஒரே கதையைச் சொல்லின.

மறு ஆண்டு, 2012 மே மாதம், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஆவணங்களைத் தோண்டி எடுத்து ஒரு செய்தி போட்டது. கென்டக்கி தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள மாநிலப் பதிவு அலுவலகத்தில் இருக்கும் பிறப்புச் சான்றிதழ் 1932 ஏப்ரல் 14 என்கிறது. திருமணப் பதிவு 1948 ஜனவரி 10ஐக் காட்டுகிறது. ஜான்சன் மாவட்டத் தலைநகரான பெயின்ட்ஸ்வில் நீதிமன்றக் கட்டடத்தில் இரண்டு பிரமாணப் பத்திரங்களும் இருந்தன. ஒன்று அவருடைய தாயார் கிளாரா கொடுத்தது. மற்றொன்று உறவுக்காரர் அல்லாத ஒருவர் கொடுத்தது. அவற்றிலும் அதே பிறந்த தேதிதான்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று மனசு சரியில்லை. என் கட்டுரையின் முதல் வரியே தப்பு. அதைவிடப் பெரிய வருத்தம் இன்னொன்று: அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க நான் கென்டக்கி போக வேண்டியதே இல்லை. ஒரு தாளும் பேனாவும் போதுமாக இருந்தது.

கணக்கைப் பாருங்கள். அப்போது பெரும்பாலான நூல்கள் அவர் பிறந்த ஆண்டை 1935 என்று போட்டிருந்தன. 1935 ஏப்ரலில் பிறந்தவருக்கு 1948 ஜனவரியில் 12 வயதுதான் ஆகியிருக்கும், 13 அல்ல. சரி, கல்யாணம் 1949 ஜனவரி என்று வைத்துக்கொண்டால் 13 வருகிறது. ஆனால் மூத்த மகள் பிறந்தது 1948 நவம்பர்! பிறந்த ஆண்டை 1934 என்று வைத்தால் மட்டும் கணக்கு இடிக்காமல் போகும். ஆக 1935, 13 வயது, 1948 ஜனவரி ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கவே முடியாது. ஏதோ ஒன்று உடைய வேண்டும். நானோ மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தேன்.

29 வயதில் பாட்டி என்பதும் அப்படித்தான். 1932இல் பிறந்தவருக்கு 29 நடப்பது 1961இல். அப்போது அவருடைய மூத்த மகளே 12, 13 வயதுச் சிறுமி. பிறந்த ஆண்டைப் பின்னுக்கு நகர்த்தினால் அதோடு கட்டியிருக்கும் எல்லா வயதும் கூடவே நகர வேண்டும். ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிட முடியாது. இணையத்தில் இன்றைக்கும் பல இடங்களில் பிறந்த ஆண்டை 1932 என்று திருத்தியிருப்பார்கள், இரண்டு பத்தி கீழே 13 வயதுக் கல்யாணம் அப்படியே இருக்கும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். சிறுமிக்குக் கல்யாணம் செய்கிற வீட்டார் வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம் அல்லவா? நிச்சயம் சொல்லியிருக்கலாம். அது எல்லா நாட்டிலும் நடந்த விஷயம். என் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் 1. அவர் பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்று பாட்டி சொல்வார். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய தேதி அது. எனவே அரசாங்க முத்திரை இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு தாளை நான் நம்புவதில்லை. யார், எப்போது, என்ன தேவைக்காக எழுதினார்கள் என்று பார்ப்பேன். திருமணப் பதிவு ஒன்று மட்டுமே கிடைத்திருந்தால் லொரெட்டா விஷயத்திலும் நான் தயங்கியிருப்பேன். ஆனால் மாநிலப் பதிவு, பெற்ற தாயின் வாக்கு, குடும்பத்தில் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒரு வெளியாளின் வாக்கு எல்லாம் ஒரே நாளைச் சொல்கின்றன. வயதைக் குறைத்துச் சொல்லும் தேவை பாடகியான பிறகு வந்தது. அந்தத் தேவை வந்த பக்கத்திலிருந்து மட்டும்தான் 1934, 1935 எல்லாம் வருகின்றன.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொரு கணக்கெடுப்பின் தனிநபர் விவரமும் 72 ஆண்டுகள் கழித்தே பொதுமக்களுக்குத் திறக்கப்படும். 1940 கணக்கெடுப்பு 2012 ஏப்ரலிலும், 1950 கணக்கெடுப்பு 2022 ஏப்ரலிலும் திறந்தன. அந்தக் காலத்துப் பாடகர்களைத் தேடுகிறவர்களுக்கு இது பெரிய கொடை, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் அதில் இருப்பது பிறந்த தேதி இல்லை, ஏப்ரல் 1 அன்று முடிந்திருந்த வயது. ஏப்ரல் 14, 1932இல் பிறந்த குழந்தைக்கு 1940 ஏப்ரல் 1இல் 7 வயதுதான் முடிந்திருக்கும். 1940இல் 7ஐக் கழித்து 1933 என்று போட்டால் போச்சு, புதிதாக ஒரு தவறான ஆண்டு பிறந்துவிடும். ஏப்ரல் 1க்குப் பிறகு பிறந்தநாள் வருகிற எல்லோருக்கும் இந்தப் பொறி உண்டு.

அப்புறம், பத்து இணையதளங்கள் ஒன்றையே சொன்னால் பத்து சாட்சி என்று நினைக்கக் கூடாது. பத்தும் ஒரே தன்வரலாற்றிலிருந்து எடுத்திருந்தால் சாட்சி ஒன்றுதான். 13 விஷயத்தில் நடந்தது இதேதான். புத்தகத்திலிருந்து படம், படத்திலிருந்து பத்திரிகை, பத்திரிகையிலிருந்து கலைக்களஞ்சியம். ஒரு தகவலை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டே போய், அது முதலில் எந்த வாயிலிருந்து வந்தது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? 1960இல் முதல் இசைத்தட்டு வரும்போது அவருக்குக் கிட்டத்தட்ட 28 வயது, நான்கு பிள்ளைகள். பெண்ணுக்கு வயது கூடினால் மதிப்புக் குறையும் தொழிலுக்குள் அந்த நிலையில் நுழைகிறார். 1976 புத்தகத்திலேயே பிறந்த ஆண்டைச் சொல்ல மாட்டேன் என்ற தோரணையில்தான் பேசுகிறார். பாடிப் பிழைக்கிறவளை வயதை வைத்து எடைபோட வேண்டாம் என்பது அவர் பக்கத்து நியாயம். 2012இல் செய்தி வந்தபோதும், என் வயது யாருக்கும் வேண்டாத விஷயம் என்ற பதில்தான் அவர் தரப்பிலிருந்து வந்தது. இதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அதே துறையில் ஆண்கள் நாற்பதிலும் ஐம்பதிலும் புதுப் பெயர் எடுத்தார்கள், யாரும் அவர்கள் வயதைக் கேட்கவில்லை.

உண்மையான வயது தெரிந்த பிறகு அவர் கதை ஒரு துளியும் சுருங்கவில்லை என்பதுதான் என் எண்ணம். 15 வயதும் குழந்தைப் பருவம்தான். பிறந்த மலையை விட்டு நாட்டின் மறுகோடியில், வாஷிங்டன் மாநிலத்தின் கஸ்டர் என்ற ஊருக்குப் போய், 16 வயதில் தாயானவர் அவர். 13 என்று சொன்னால்தான் நெஞ்சு பதறும், 15 என்றால் பரவாயில்லை என்று யாராவது நினைத்தால் தப்பு அவர்களிடம்தான்.

சரியான ஆண்டு தெரிந்ததும் வேறு சில விஷயங்களும் புதிதாகத் தெரிய ஆரம்பிக்கின்றன. பாடகி பாட்ஸி கிளைனை எடுத்துக்கொள்ளுங்கள். லொரெட்டா கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகருக்கு வந்த புதிதில் கைப்பிடித்து நடத்தியவர், 1963 மார்ச் 5இல் விமான விபத்தில் இறந்துபோனவர். அவர்கள் நட்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் பாட்ஸியை அக்காவாகவும் லொரெட்டாவைத் தங்கையாகவும்தான் நான் நினைத்திருந்தேன். பாட்ஸி பிறந்தது 1932 செப்டம்பர் 8. அப்படியானால் லொரெட்டாதான் ஐந்து மாதம் மூத்தவர்! ஒரே வயதுக்காரர்கள் இருவர். ஒருவர் அதற்குள் ஏணியின் உச்சியில், மற்றவர் முதல் படியில். அந்த நட்பே எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

தங்கை கிரிஸ்டல் கேலும் பெரிய பாடகிதான். அவர் பிறந்தது 1951 ஜனவரி. லொரெட்டாவின் மூத்த மகளைவிட இரண்டு வயது சின்னவர். அக்கா பிள்ளையைவிடச் சித்தி இளையவள் என்பது நம் பெரிய குடும்பங்களில் சாதாரணம் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் சேர்ந்து பாடி வளர்ந்தார்கள் என்று எங்காவது படித்தால் இந்தத் தேதிகளை எடுத்துப் பாருங்கள். தங்கை பிறப்பதற்கு முன்பே அக்கா கல்யாணமாகிப் போயாயிற்று.

இன்னொன்று. அவருடைய பாட்டுகளை வாழ்க்கைக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுரங்கத் தொழிலாளியின் மகள் என்ற அந்தப் புகழ்பெற்ற பாட்டு 1970இல் வந்து கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் சொல்லும் வறுமை உண்மை, அப்பாவின் சுரங்க வேலை உண்மை. ஆனால் பாட்டு என்பது மெட்டுக்கும் நீளத்துக்கும் அடங்க வேண்டியது. ஒலிப்பதிவில் அதிலிருந்து சில சரணங்களையே வெட்டியிருக்கிறார்கள். பாட்டில் இல்லாத ஒரு தகவல்தான் என்னை அதிகம் பாதித்தது. அப்பா மெல்வின் வெப் இறந்தது 1959இல். மகளின் முதல் இசைத்தட்டு 1960இல். மகள் பாடி வெளியான ஒரு பாட்டைக்கூட அந்த மனிதர் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு இது உறைத்தது.

சரி, நீங்கள் எழுதப்போகிறீர்கள் என்றால் இப்படி எழுதுங்கள்: பிறப்பு 1932 ஏப்ரல் 14, மறைவு 2022 அக்டோபர் 4, டென்னசி மாநிலம் ஹரிகேன் மில்ஸ் வீட்டில், வயது 90. 13 வயதில் மணம் என்ற கதையை அப்படியே மறைத்துவிடாதீர்கள். தன்வரலாறும் படமும் அப்படிச் சொல்லின, 2012இல் வெளிவந்த ஆவணங்கள் 15 என்று காட்டின என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் பழைய புத்தகத்தைப் படித்த யாராவது வந்து நீங்கள்தான் தப்பு என்று திருத்திவிட்டுப் போவார்கள். அவரே கடைசியில் அந்த ஆண்டை ஏற்றுக்கொண்டதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 1 அன்று நாஷ்விலில் அவருக்காகப் பெரிய பாடகர்கள் கூடி நடத்திய பிறந்தநாள் கச்சேரி, 87ஆவது பிறந்தநாளுக்கானது. 2019இல் 87ஐக் கழித்துப் பாருங்கள்.

2012 செய்தி வந்த பிறகு, என் பழைய கட்டுரைக்கு அந்தப் பத்திரிகையின் அடுத்த இதழிலேயே நான்கு வரித் திருத்தம் கொடுத்துவிட்டேன். ஆசிரியர் அதைக் கடைசிப் பக்கத்தில் போடுவதாகச் சொன்னார். கட்டுரை வந்த அதே ஐந்தாம் பக்கத்தில்தான் போட வேண்டும் என்று கேட்டேன், போட்டார்.