மதுரையில் குழந்தைக்கு விளம்பர வாய்ப்பு: ஏஜெண்டிடம் நான் கேட்கும் இரண்டு கேள்விகள்

'என் 6 வயது மகனை விளம்பரத்தில் நடிக்க வைக்க ஆசை. மதுரையில் நம்பகமான ஏஜெண்ட் உண்டா? ஒருவர் முன்பணமாக 15,000 ரூபாய் கேட்கிறார், கட்டலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாதீர்கள். நான் 18,000 கட்டியவள்.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஹோட்டல் ஹாலில் 'குழந்தை நட்சத்திரத் தேர்வு' என்று ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டுப் போனோம். பதிவுக் கட்டணம் 500. மகளுக்கு அப்போது ஏழு வயது. எங்களுக்கு முன்னால் நின்ற பையனிடம் நடுவர், "தம்பி, உன் கண்ணுல என்னமோ இருக்கு" என்றார். என் மகளிடமும் அதையே சொன்னார். 'தம்பி' மட்டும் 'பாப்பா' ஆனது. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளையை ஒருவர் மெச்சும்போது நமக்கு எங்கே மூளை வேலை செய்கிறது?

மூன்றாம் நாள் போன் வந்தது. செலக்ட் ஆகிவிட்டாளாம். போர்ட்ஃபோலியோ, அதாவது பிள்ளையின் படங்களை வைத்து ஓர் ஆல்பம், எடுக்க வேண்டும், அதுவும் அவர்கள் சொல்லும் ஸ்டுடியோவில்தான். அந்த 18,000 இங்கேதான் போனது. கல்யாண ஆல்பம் மாதிரி கனமாக ஒன்று வந்தது. முகத்தில் மாவு அப்பியது போல வெளுக்க வைத்து, கன்னத்து மச்சத்தைக்கூட அழித்திருந்தார்கள். என் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது யாரு வீட்டுப் புள்ள?" என்றார். அந்த மாதத்தோடு அவர்கள் போன் எடுப்பதும் நின்றுபோனது.

உண்மையான வாய்ப்பு அடுத்த வருடம் வேறு வழியில் வந்தது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க வந்த தம்பி, தீபாவளி சமயத்தில் ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கும் எடுப்பவர். அவர் சென்னையில் விளம்பரங்களுக்கு நடிக்க ஆள் ஏற்பாடு செய்யும் ஒரு கோ-ஆர்டினேட்டரின் நம்பரைக் கொடுத்தார். அந்தம்மா ஆல்பத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "மேக்கப் இல்லாம, வெளிச்சத்துல நிக்க வச்சு போன்லயே எடுங்க. நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, சிரிச்ச மாதிரி ஒண்ணு. அப்புறம் பேரு, வயசு, உயரம் சொல்ற மாதிரி ஒரு சின்ன வீடியோ" என்றார். மொட்டை மாடியில் பத்து நிமிடத்தில் எடுத்து முடித்தோம், காலணா செலவில்லை. மூன்று மாதம் கழித்து அரை நாள் வேலை வந்தது. சம்பளம் 6,000. பணம் வந்த பிறகு அதில் 1,000 அந்தம்மாவுக்குப் போனது. நம் கையிலிருந்து முன்னால் பணம் கேட்பவர் ஏஜெண்ட் இல்லை, போட்டோ வியாபாரி.

சரி, ஆளை எப்படி அடையாளம் காண்பது? நான் இப்போது இரண்டு கேள்விதான் கேட்கிறேன். ஒன்று, "கலெக்டர் அனுமதி யார் வாங்குவீங்க?" இரண்டாவது, "பிள்ளை பேர்ல டெபாசிட் எந்த பேங்க்ல?"

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றாலும், படிப்பு கெடாமல் சினிமா, சீரியல், விளம்பரங்களில் நடிக்க 2016 திருத்தத்தில் விலக்கு கொடுத்திருக்கிறது. அதற்கு 2017-இல் வந்த விதிகளில் நிபந்தனைகள் உண்டு. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் கலெக்டரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளைத் தாண்டக் கூடாது. பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளை பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும், வயது வந்ததும் அது பிள்ளைக்கு. இதையெல்லாம் செய்ய வேண்டியது தயாரிப்பாளர்தான். ஆனாலும் இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. "அதெல்லாம் பெரிய படத்துக்குத்தாங்க" என்று ஒருவர் இழுத்தார். அதோடு போனை வைத்துவிட்டேன்.

'நாங்கள் அந்தக் கடைக்குப் பண்ணினோம், இந்தப் படத்துக்கு ஆள் கொடுத்தோம்' என்று போட்டோ காட்டுவார்கள். அதில் நடித்த ஒரு பிள்ளையின் அப்பாவிடமோ அம்மாவிடமோ பேச வேண்டும் என்று கேளுங்கள். மூன்று வருடத்துக்கு வேறு யாரிடமும் போகக் கூடாது என்று கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். ஆடிஷனில் 'பெற்றோர் வெளியே இருங்கள்' என்று கதவைச் சாத்தினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், மரியாதையெல்லாம் பார்க்காதீர்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பிள்ளைக்கு ஏதாவது தொந்தரவு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

மதுரையில் குழந்தைகளுக்கென்றே முழுநேரமாக இருக்கும் ஏஜெண்ட் யாரையும் நான் பார்த்ததில்லை. கடை விளம்பரங்களுக்கு எடுக்கும் போட்டோகிராபர்களிடம் சொல்லி வையுங்கள், அதுவே இங்கே பெரிய வழி. படம், சீரியல் என்றால் சென்னைதான். ஆடிஷனுக்கு ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறிப் போய், மறுநாள் ராத்திரி அதிலேயே திரும்புவோம். அந்தச் செலவு நம்முடையது. நான்கு தடவை போனதில் ஒன்றுதான் அமைந்தது.

உங்கள் மகனுக்கு 6 வயது என்கிறீர்கள், முன்பல் விழும் நேரம். விழுந்தால் அன்றைக்கே புதுப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். பழைய படத்தைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள் முன்னால் என் மகள் பொக்கை வாயோடு போய் நின்றாள், அடுத்த ரயிலில் திரும்பி வந்தோம்.