பதினாலு வயது உளவாளி: கேள்வி பதில்

ஆந்தனி ஹோரோவிட்ஸ் எழுதி 2000இல் வெளிவந்த ‘ஸ்டார்ம்பிரேக்கர்’ நாவலைப் பற்றி, நம் வேலூர்ப் பக்கத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவை.

காட்பாடியிலிருந்து ஓர் அம்மா: பாடப் புத்தகத்தைத் தொடாத என் மகன் இதை இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டான். அப்படி என்னதான் இருக்கிறது?

தொடக்கத்திலேயே ஒரு பொய் இருக்கிறதம்மா. 14 வயது அலெக்ஸ் ரைடரை வளர்த்தவர் அவன் அப்பாவின் உடன்பிறந்தவர். அவர் கார் விபத்தில் இறந்தார், சீட் பெல்ட் போடவில்லை என்கிறார்கள். பெல்ட் விஷயத்தில் கறாரான மனிதர் அவர். பையனுக்கு உறைக்கிறது. பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் அந்த வயதில் எந்தப் பிள்ளைக்குத்தான் இல்லை? இந்தக் கதையில் அந்தச் சந்தேகம் பலித்துவிடுகிறது.

ஆம்பூர், ஒன்பதாம் வகுப்பு: உளவாளிக்கு ஏன் துப்பாக்கி கொடுக்கவில்லை?

சின்னப் பையனாம், தம்பி! உயிரைப் பணயம் வைக்கிற வேலைக்கு அனுப்பலாம், துப்பாக்கி கொடுக்க மட்டும் வயது போதாது. (எனக்கு இங்கே சிரிப்புதான் வரும்.) கிடைப்பது ஒரு யோயோ, பருவுக்குப் போடும் களிம்பு, ஒரு கேம் பாய் (கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் கருவி). களிம்பு தோலை ஒன்றும் செய்யாது, உலோகத்தை அரித்துவிடும். விடலைப் பையன் பையில் பருக்களிம்பு இருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ‘பையன்தானே’ என்று விட்டுவிடுவார்கள். அதுதான் அவன் ஆயுதம். துப்பாக்கி கொடுத்திருந்தால் குட்டி ஜேம்ஸ் பாண்ட் ஆகியிருப்பான், அவ்வளவுதான்.

ராணிப்பேட்டையிலிருந்து ஓர் அப்பா: அடிதடி அதிகமா?

உண்டு, ஆட்களும் சாகிறார்கள். 11, 12 வயதுக்கு மேல் கொடுக்கலாம் என்பது என் கணக்கு. எனக்கு உறுத்துவது வேறு. அவன் விரும்பிப் போகவில்லை; அவனைப் பார்த்துக்கொள்ளும் ஜாக்கை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று மிரட்டித்தான் உளவுத்துறை சம்மதிக்க வைக்கிறது. மகனோடு அதைப் பேசுங்கள்.

ஆற்காடு: இங்கிலீஷ் கஷ்டமாக இருக்கிறது. தமிழில் இந்த ருசிக்கு?

இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரோடுதான். தாத்தாவைக் கேளுங்கள், பரணில் கிடக்கலாம்.

குடியாத்தம், கல்லூரி மாணவி: நம் வேலூர்க் கோட்டையை வைத்து இப்படி ஒரு கதை எழுதலாமா?

தாராளமாக. 1806 ஜூலை 10 அன்று வெள்ளைக்காரர்களை எதிர்த்துச் சிப்பாய்கள் அங்கே கிளர்ந்தெழுந்தது தெரியும். அதற்குச் சில வாரம் முன்பே முஸ்தபா பெய்க் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று வெள்ளைக்கார அதிகாரியிடம் சொல்லிவிட்டார். விசாரணைக்கு அமர்த்தப்பட்ட இந்திய அதிகாரிகள் அவரைப் பைத்தியம் என்றார்கள். பிடித்து அடைத்தும் விட்டார்கள். அவர் சொன்னது உண்மை. ஆனால் நமக்கு அவர் காட்டிக்கொடுத்தவர். இந்தச் சிக்கலை விட்டுவிடாதீர்கள் அம்மா, கதையே அதில்தான் இருக்கிறது. அவருக்குக் கஞ்சி கொண்டுபோக ஒரு பதினாலு வயதுப் பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெளியே அகழி, உள்ளே திப்புவின் பிள்ளைகள் இருக்கும் மகால். கஞ்சியை வாங்கிக்கொண்டு அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். பையன் இப்போது யாரிடம் போவான்?