மீட்டர்னா எந்த மீட்டர்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்து ஒர்க்‌ஷாப் நடத்துறோம். அக்ரிமென்ட்ல கரண்டுக்கு ஒரே வரிதான், "மீட்டரில் ஓடும் யூனிட்படி கட்டணம்". எங்க பேனல்ல ஒரு சப் மீட்டர் இருக்கு, வாசல்ல டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் மெயின் மீட்டர் இருக்கு. அங்க எங்களைத் தவிர வேற யாரும் கிடையாது, ஆனா ரெண்டு ரீடிங்கும் எந்த மாசமும் ஒத்துப் போகல. ஓனர் மெயின் மீட்டர்படிதான் குடுக்கணும்ங்கிறார். யார் சொல்றது சரி சார்?

பதில்: ரெண்டு மீட்டரும் சரியாவே ஓடலாம், வில்லங்கம் அந்த ஒத்த வரிலதான் இருக்கு. எந்த மீட்டர்னு சொல்லாம விட்டுட்டாங்க, இப்ப ஆளுக்கு ஒரு மீட்டரைக் காட்டுறீங்க.

மெயின் மீட்டர் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு முதல்ல பாருங்க. முன்னாடி, அதாவது உயர் அழுத்த லைன் வர்ற ஹெச்டி சைடுல இருந்தா டிரான்ஸ்ஃபார்மர் சாப்பிடுற கரண்டும் சேர்ந்துதான் ஓடும், நீங்க ஷட்டரைச் சாத்திட்டு ஊருக்குப் போனாலும் அது ஓடிட்டேதான் இருக்கும். உதாரணத்துக்கு சும்மா நிக்கிறப்பவே அரை கிலோவாட் இழுக்குற டிரான்ஸ்ஃபார்மர்னா 30 நாளைக்கு 360 யூனிட், அதுபோக லோடு ஏற ஏற காயில்லயும் கேபிள்லயும் சூடா போறது தனி, அதுவும் கரண்ட் ரெண்டு மடங்கானா நஷ்டம் நாலு மடங்காகும். இந்த யூனிட்டை யார் தலையில கட்டுறதுங்கிறதுதான் உங்க சண்டையே. ரெண்டு விதமாவும் எழுதிக்கலாம், தப்பில்ல, ஆனா எழுதிக்கணும்.

அப்புறம் மீட்டர்னா சுவத்துல தொங்குற டப்பா மட்டும்னு நினைக்காதீங்க. பெரிய லோடுல மொத்த கரண்டையும் மீட்டருக்குள்ள விட முடியாதுன்னு சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) போட்டு சுருக்கித்தான் குடுப்பாங்க, 200க்கு 5 சிடின்னா 200 ஆம்பியர் போறப்ப மீட்டருக்கு 5 ஆம்பியர்தான் வரும், அதனால ரீடிங்கை 40ஆல பெருக்கணும். நாளைக்கு லோடு கூடுதுன்னு 400க்கு 5 சிடி மாத்திட்டு பில் போடுற ஆளுக்குச் சொல்லாம விட்டா பாதி யூனிட் காணாமப் போகும், ஆறு மாசம் கழிச்சு யாராவது கண்டுபிடிச்சு மொத்தமா நீட்டுவாங்க. இதுக்கு நேர் எதிராவும் நடக்கும், சில மீட்டர்ல சிடி ரேஷியோவை உள்ளயே செட் பண்ணி பெருக்குன கணக்கைத்தான் டிஸ்பிளேல காட்டும், அதையும் எடுத்து மறுபடி 40ஆல பெருக்குனா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கங்க. பெருக்கணுமா, எத்தனையால பெருக்கணும்னு அக்ரிமென்ட்லயே இருக்கணும்.

நானே ஒரு இடத்துல பார்த்தேன். 3 சிடில ஒண்ணுக்கு மட்டும் மீட்டருக்குப் போற எஸ்1, எஸ்2ங்கிற ரெண்டு ஒயரை இடம் மாத்திச் சொருகியிருக்காங்க. அது பழைய மீட்டர், மூணு ஃபேஸ்லயும் லோடு கிட்டத்தட்ட சமம், ரெண்டைக் கூட்டி ஒண்ணைக் கழிச்சு உண்மையான யூனிட்ல மூணுல ஒரு பங்குதான் ஓடியிருக்கு. மீட்டரைக் கழட்டி லேபுக்கு அனுப்பினா பாஸ்னு ரிப்போர்ட் வருது! அக்ரிமென்ட்ல "மீட்டர் பழுதானால்"னுதான் இருந்துச்சு, மீட்டர் பழுதாகலையேன்னு ஒருத்தர், பில் தப்பாச்சேன்னு இன்னொருத்தர், ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான். அதனாலதான் நல்லா எழுதுன அக்ரிமென்ட்ல மீட்டர்னா சிடி, பிடி (வோல்டேஜைச் சுருக்கிக் குடுக்குறது), நடுவுல போற ஒயர், ஒயரை முடுக்குற டெர்மினல் பிளாக், சீல், டேட்டா அனுப்புற மோடம் வரைக்கும் எல்லாம் சேர்த்ததுன்னு சொல்லியிருப்பாங்க. கூடவே சீரியல் நம்பர், மாத்துனா அந்த இடத்துல வர்ற புது மீட்டரும் இதுலயே அடங்கும்னு ஒரு வாக்கியம், கரண்ட் வர்ற வழியை ஒத்தக் கோட்டுல வரைஞ்சு மீட்டர் எந்த இடம்னு குறிச்ச ஒரு சிங்கிள் லைன் படம். இவ்வளவும் ஒரே பக்கத்துல அடங்கிடும்.

கேள்வி: கூரையில ஒரு கம்பெனி அவங்க செலவுல சோலார் போட்டு யூனிட் கணக்குல எங்களுக்கு விக்கிறாங்களாம். "இன்வெர்ட்டர் ரீடிங்கே இறுதி"ன்னு போட்டிருக்கு. கையெழுத்து போடலாமா?

பதில்: அந்த வரியை அடிச்சுட்டுப் போடுங்க. இன்வெர்ட்டர் தன் வேலைக்காக ஒரு கணக்கு வச்சிருக்கும், அதுக்குன்னு டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டோ ரெண்டு பேரும் போட்ட சீலோ பெரும்பாலும் இருக்காது. விக்கிறவரோட மெஷின்லயே விக்கிறவரோட தராசும் இருக்குற மாதிரி. தனி மீட்டர் ஒண்ணை உங்க பேனல்ல சோலார் வந்து சேர்ற இடத்துல வைக்கச் சொல்லுங்க, வழியில கேபிள்ல போற நஷ்டம் அவங்க கணக்குல போகும். பெரிய பிளான்ட்னா பக்கத்துலயே ஒத்துப் பாக்க ரெண்டாவதா ஒரு செக் மீட்டரும் கேளுங்க. ரெண்டுக்கும் எத்தனை சதவீதம் வரைக்கும் வித்தியாசம் இருக்கலாம், தாண்டுனா எத்தனை நாள்ல டெஸ்ட், முதல் மீட்டர் நின்னுட்டா செக் மீட்டர் ரீடிங்னு வரிசையா வரணும்.

தப்பு எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியலைன்னா கடைசியா டெஸ்ட் பண்ண நாள்லேர்ந்து பாதி காலத்துக்குத் திருத்தலாம்னு நிறைய அக்ரிமென்ட்ல போடுவாங்க, எனக்கும் அதுதான் நியாயமா படுது. ஆனா டெஸ்ட்டே நாலு வருஷமா பண்ணலைன்னா ரெண்டு வருஷத்துக்குத் திருத்தணும், அதனால மேக்ஸிமம் இத்தனை மாசம்னு ஒரு கட்டும் போட்டுக்கங்க.

கேள்வி: கிளாஸ் 0.5எஸ்னா என்ன? அந்த எஸ் எதுக்கு?

பதில்: கிளாஸ்ங்கிறது மீட்டர் எவ்வளவு தப்பலாம்ங்கிற வரம்பு, 0.5ங்கிறது பிளஸ் ஆர் மைனஸ் அரை சதவீதம். எஸ் இருந்தா ரொம்பக் குறைஞ்ச லோடுலயும், அதாவது மீட்டர்ல குறிச்சிருக்குற ரேட்டட் கரண்ட்ல 1 சதவீதம் ஓடுறப்பவும், மீட்டருக்கு ஒரு பிழை வரம்பு உண்டு. ராத்திரி சும்மா கிடக்குற ஃபேக்டரிக்கு இது முக்கியம். ஆனா 0.2எஸ் மீட்டர் வாங்கி கிளாஸ் 1 சிடியோட மாட்டுறவங்களும் இருக்காங்க, காசுக்குக் கேடு.

கேள்வி: ஆரம்பத்துலயும் மீட்டர்ல இவ்வளவு தகராறு இருந்துச்சா?

பதில்: இதைவிட மோசம். 1880கள்ல எடிசன் கம்பெனி ஒரு ஜாடில துத்தநாகத் தகடு போட்டு, மாசாமாசம் ஆள் வந்து தகட்டைக் கழட்டி எடை போட்டு பில் போட்டாங்க. வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தா ஜாடிதான் தெரியும், ரீடிங் தெரியாது.

கேள்வி: வீட்டு மீட்டர் வேகமா ஓடுதோன்னு சந்தேகம். நாமளே பாக்க முடியுமா?

பதில்: தோராயமா பாக்கலாம். மீட்டர் முகப்புல 3200 இம்ப்/கிலோவாட்ஹவர்னு போட்டிருந்தா சிவப்பு லைட் 3200 தடவை மினுக்குனா 1 யூனிட். மத்ததெல்லாம் ஆஃப் பண்ணிட்டு 1000 வாட் ஹீட்டர் மட்டும் போட்டு 32 மினுக்கை எண்ணுங்க, 36 செகண்ட் ஆகணும். வோல்டேஜ் ஏறி இறங்குனா சில செகண்ட் முன்னப்பின்ன வரும், அதுக்காக சண்டைக்குப் போகாதீங்க. 30 செகண்ட்லயே முடிஞ்சா முதல்ல ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணீங்களான்னு பாருங்க.